தாமதம் இலாபமாகக் கூடாது: ஐரோப்பிய ஆணையத்திற்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
ஐரோப்பிய ஆணையத் தலைவர் உர்சுலா ஃபொன் டெர் லையன்,
செயல் துணைத் தலைவர்கள் ஹென்னா விர்க்குனன், தெரேசா ரிபேரா,
பிரசல்ஸ்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தில் வாழ்ந்து, அதன் சட்டங்கள் தரும் பாதுகாப்பை நம்பி இணையத்தைப் பயன்படுத்திவரும் தமிழர் ஒருவர் எழுதும் மடல் இது. பெரும் இணையத் தளங்களுக்காக நீங்கள் இயற்றிய சட்டங்களை மேலும் கடுமையாக்க வேண்டும் என்று ஒரு சாராரும், அவை ஏற்கெனவே அளவுக்கு மீறிக் கடுமையாக இருப்பதால் தளர்த்த வேண்டும் என்று மற்றொரு சாராரும் உங்களை நெருக்கிவரும் இவ்வேளையில், இரு தரப்பாரும் போதிய கவனம் செலுத்தாத ஒன்றை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். ஒரு சட்டம் எவ்வளவு கடுமையானது என்பதை அபராதத்தின் உச்சவரம்பை வைத்து அளக்க முடியாது. மீறல் தொடங்கிய நாளுக்கும் அது உண்மையில் நின்ற நாளுக்கும் இடையே கழிந்த காலத்தை வைத்தே அளக்க வேண்டும். அந்த இடைக்காலத்தில் ஒரு நிறுவனம் ஈட்டும் வருவாய் அது கட்டவேண்டிய அபராதத்தைவிடப் பெரிதாக இருக்கும்வரை, சட்டத்தை மீறுவதே அதற்குக் கட்டுப்படியாகும் வழியாக இருக்கும்.

மெட்டா நிறுவனத்தின் விளம்பர விவகாரத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஒரே ஒரு கடமையை எத்தனை ஆண்டுகள் தள்ளிப்போட முடியும் என்பதை அது தேதிவாரியாகக் காட்டுகிறது. தனிப்பட்ட தரவை நிறுவனங்கள் எப்படிக் கையாள வேண்டும் என்று வகுக்கும் ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை 2018 மே 25 அன்று நடைமுறைக்கு வந்தது. பயனர்களைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டுவதற்கு அவர்களிடம் முறையான ஒப்புதல் பெறப்படவில்லை என்று, வியன்னாவிலிருந்து இயங்கும் நொய்ப் என்னும் தரவுரிமை அமைப்பு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் ஆகியவற்றின்மீது அன்றே முறையிட்டது. அத்தகைய விளம்பரம் பயனருடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் ஒரு பகுதி, ஆகவே தனி ஒப்புதல் வேண்டியதில்லை என்பது நிறுவனத்தின் வாதமாக இருந்தது. அவ்வாதம் செல்லாது என்ற முடிவு, 39 கோடி யூரோ அபராதத்துடன், மெட்டாவின் ஐரோப்பியத் தலைமையகம் உள்ள அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையத்திடமிருந்து வெளிவந்தது 2023 ஜனவரியில். அதுவும், ஐரிய ஆணையத்தின் வரைவை மற்ற நாடுகளின் ஆணையங்கள் எதிர்த்து, ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு வாரியம் தலையிட்ட பிறகே வந்தது.

மூன்று மாதம் கழித்து நிறுவனம் ஒப்பந்தம் என்ற காரணத்தைக் கைவிட்டு, தனக்கு 'நியாயமான நலன்' இருக்கிறது என்ற வேறொரு சட்டக் காரணத்தை எடுத்துக்கொண்டது. ஜெர்மனியின் போட்டி ஆணையம் தொடர்பான வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2023 ஜூலை 4 அன்று அளித்த தீர்ப்பு, அந்தக் காரணத்தின் அடித்தளத்தையும் தகர்த்தது. நவம்பரில் மூன்றாவது வடிவம் வந்தது: கணினியில் பார்ப்பவர் மாதம் 9.99 யூரோவும் கைப்பேசிச் செயலியில் பார்ப்பவர் 12.99 யூரோவும் செலுத்த வேண்டும். செலுத்த விரும்பாதவர் கண்காணிப்புக்கு ஒப்புக்கொள்ள வேண்டும். இதை, மிகப்பெரிய தளங்களின் சந்தை ஆதிக்கத்தைக் கட்டுப்படுத்தும் டிஜிட்டல் சந்தைகள் சட்டத்தின்கீழ் நீங்கள் 2024 மார்ச்சில் விசாரிக்கத் தொடங்கினீர்கள். 2024 நவம்பரில் நிறுவனம் கட்டணத்தைக் குறைத்து வடிவத்தை மீண்டும் மாற்றியது. 2025 ஏப்ரல் 23 அன்று 20 கோடி யூரோ அபராதம் விதித்தீர்கள். குறைந்த அளவு தனிப்பட்ட தரவைப் பயன்படுத்தும் விளம்பரத்தைப் பயனர்கள் தெரிவுசெய்துகொள்ள 2026 ஜனவரியிலிருந்து வழிசெய்வதாக நிறுவனம் உறுதியளித்ததை 2025 டிசம்பரில் வரவேற்றீர்கள். 2018 மே மாதத்தில் எழுப்பப்பட்ட கேள்வி ஒன்றுதான்: என்னைப் பின்தொடர்வதற்கு என்னிடம் நேர்மையாக அனுமதி கேட்டாயா? அதற்கு ஓரளவு விடை கிடைக்கவே ஏழரை ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. ஒவ்வொரு முறையும் முந்தைய காரணம் வீழ்ந்ததும் புதியதொன்று வைக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் விசாரணை முதலிலிருந்து தொடங்கியது. விளம்பரம் ஒரு நாளும் நிற்கவில்லை.

அந்த 20 கோடி யூரோ எவ்வளவு பெரியது என்பதையும் பார்க்க வேண்டும். 2024இல் மெட்டாவின் மொத்த வருவாய் 16,400 கோடி டாலருக்கு மேல். அதை நாள்கணக்கில் பிரித்தால், நீங்கள் விதித்த அபராதம் ஏறத்தாழ அரைநாள் வருவாய். அதே நாளில் ஆப்பிள் நிறுவனத்துக்கு விதிக்கப்பட்ட 50 கோடி யூரோவும், அந்நிறுவனம் தன் 2024 நிதியாண்டில் ஈட்டிய 39,100 கோடி டாலரை ஒட்டிப் பார்த்தால், அரைநாள் வருவாய்தான். சட்டம் உலகளாவிய ஆண்டு வருவாயில் 10 சதவீதம் வரை, மீண்டும் மீறினால் 20 சதவீதம் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. ஆகவே உச்சவரம்பை உயர்த்தக் கோரும் நண்பர்களிடம் நான் மாறுபடுகிறேன். உச்சவரம்பின் அருகில்கூட இதுவரை எவரும் செல்லவில்லை. அதை 30 ஆக்கினாலும் 40 ஆக்கினாலும் விதிக்கப்படும் தொகையில் மாற்றம் இருக்கும் என்று நம்புவதற்குக் காரணமில்லை. விதித்த அபராதமும் கைக்கு வருவதில்லை. ஐரிய ஆணையம் கடந்த ஆண்டுகளில் பெரும் நிறுவனங்கள்மீது விதித்த கோடிக்கணக்கான யூரோவில் மிகச் சிறிய பகுதியே வசூலாகியிருக்கிறது; மீதி மேல்முறையீடுகளில் தங்கிக்கிடக்கிறது. ஆண்டுக்கணக்கில் மீறி, இறுதியில் ஒரு தொகை கட்டி, கட்டுவதற்கும் தவணை வாங்க முடியுமானால், அபராதம் என்பது அந்த நிறுவனம் இருந்த இடத்திலேயே இருப்பதற்குக் கொடுக்கும் வாடகையாகிவிடுகிறது.

இதைப் படித்துவிட்டு, ஐரோப்பிய ஒழுங்குமுறையால் இந்நிறுவனங்களை எதுவும் செய்ய முடியாது என்று நான் சொல்ல வருவதாக எண்ண வேண்டாம். முடியும் என்பதற்கு உங்கள் ஆணையமே நல்ல சான்று தந்திருக்கிறது. 2024 ஏப்ரலில் டிக்டாக் நிறுவனம் பிரான்சிலும் ஸ்பெயினிலும் டிக்டாக் லைட் என்ற செயலியை வெளியிட்டது. காணொளிகளைப் பார்த்தாலும் விருப்பக்குறி இட்டாலும் புள்ளிகள் கிடைக்கும். புள்ளிகளைப் பரிசுச் சீட்டுகளாக மாற்றிக்கொள்ளலாம். மனிதரைத் திரையோடு கட்டிப்போடும் இத்தகைய ஏற்பாட்டை வெளியிடுமுன் செய்யவேண்டிய அபாய மதிப்பீட்டை நிறுவனம் சமர்ப்பிக்கவில்லை. தளங்களின் தீங்குகளிலிருந்து பயனர்களைக் காப்பதற்கான டிஜிட்டல் சேவைகள் சட்டத்தின்கீழ் ஏப்ரல் 22 அன்று விசாரணை தொடங்கியபோதே, அப்பரிசுத் திட்டத்தை இடைக்கால ஆணையால் நிறுத்திவைக்க எண்ணுவதாகவும் அறிவித்தீர்கள். இரண்டே நாட்களில் நிறுவனம் தானாகவே அதை நிறுத்தியது; ஆகஸ்ட் 5 அன்று, ஒன்றியத்திற்குள் அதை மீண்டும் கொண்டுவருவதில்லை என்ற உறுதிமொழி சட்டப்படி கட்டுப்படுத்துவதாக ஆக்கப்பட்டது. விசாரணை தொடங்கி முடிய 105 நாட்கள். ஒரு யூரோகூட அபராதம் விதிக்கப்படவில்லை. தீங்கு பரவுமுன் நிறுத்திவைக்கும் ஆணை வரப்போகிறது என்ற உறுதி, எந்தப் பெருந்தொகையும் சாதிக்காததை அங்கே சாதித்தது. அத்தகைய இடைக்கால நடவடிக்கைக்கான அதிகாரம் டிஜிட்டல் சந்தைகள் சட்டத்தின் 24ஆம் பிரிவிலும் உங்களுக்கு இருக்கிறது. பழைய போட்டிச் சட்டத்திலும் அது இருந்தது. ஆனால் அதை ஆணையம் 2019 அக்டோபரில், சில்லு தயாரிக்கும் பிராட்காம் நிறுவனத்தின்மீது பயன்படுத்தியபோது, அதற்கு முந்தைய 18 ஆண்டுகளில் அதுவே முதல் முறை. இருக்கும் ஆயுதத்தை உறையிலேயே வைத்திருந்த காலம் அது. அக்காலம் திரும்பக் கூடாது.

நாள்தோறும் ஏறும் அபராதத்தைப் பற்றியும் விரிவாகச் சொல்ல வேண்டும். செயலி உருவாக்குவோர் தங்கள் வாடிக்கையாளரிடம், வெளியே மலிவாகக் கிடைக்கிறது என்று சொல்வதைத் தடுத்ததற்காக ஆப்பிளுக்கு 50 கோடி விதித்தபோது, 60 நாட்களுக்குள் திருத்தாவிட்டால் தொடர் அபராதம் வரும் என்றும் எச்சரித்தீர்கள். அந்தத் தொடர் அபராதம் நாளொன்றின் சராசரி உலக வருவாயில் 5 சதவீதம் வரை போகலாம். அந்நிறுவனம் கெடுவின் இறுதியில், 2025 ஜூன் 26 அன்று, தன் விதிமுறைகளை மாற்றியது. அதை அசைத்தது விதிக்கப்பட்டு முடிந்துபோன 50 கோடி அன்று. அந்தத் தொகையை எதிர்த்து அது நீதிமன்றம் சென்றுவிட்டது. மறுநாளிலிருந்து ஓடத் தொடங்கவிருந்த கணக்குதான் அசைத்தது. மாற்றிய விதிமுறைகளும் பல அடுக்குக் கட்டணங்களாக, ஒரு சிறு நிறுவனத்தின் கணக்காளருக்கே எளிதில் விளங்காதபடி இருக்கின்றன என்பது வேறு குறை. அதை நீங்கள் விடாமல் ஆராய வேண்டும். நார்வேயின் தரவுப் பாதுகாப்பு ஆணையமும் இந்த வழியில் சென்றது. மேலே சொன்ன மெட்டா விவகாரத்தில், கண்காணிப்பு விளம்பரத்துக்குத் தான் விதித்த தடையை மீறியதற்காக அது 2023 ஆகஸ்ட் 14 முதல் நாளொன்றுக்கு 10 லட்சம் நார்வே குரோனர் அபராதம் விதித்தது. நார்வே ஒன்றியத்தின் உறுப்புநாடுகூட அன்று. ஆனால் அதன் முயற்சியால்தான் அந்தத் தடை அக்டோபர் இறுதியில், ஒன்றியத்தையும் நார்வே முதலிய நாடுகளையும் கொண்ட ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி முழுவதற்கும் விரிந்தது.

இதற்கு நேர்மாறான பாடம் நெதர்லாந்தில் கிடைத்தது. துணை தேடும் செயலிகள் வேறு கட்டண முறைகளைப் பயன்படுத்த அனுமதிக்குமாறு அந்நாட்டின் நுகர்வோர், சந்தை ஆணையம் ஆப்பிளுக்கு உத்தரவிட்டு, மீறினால் வாரத்துக்கு 50 லட்சம் யூரோ என்றும், மொத்தம் 5 கோடிக்கு மேல் போகாது என்றும் நிர்ணயித்தது. நிறுவனம் 2022 தொடக்கத்தில் 10 வாரங்களை அப்படியே ஓடவிட்டு 5 கோடியையும் எட்டவிட்டது. ஏற்கத்தக்க மாற்றம் ஜூன் மாதத்தில்தான் வந்தது. முடிவு எங்கே என்று முன்கூட்டியே தெரிந்த அபராதத்தை ஒரு பெருநிறுவனம் செலவுக் கணக்கில் எழுதிவிடுகிறது. ஆகவே தொடர் அபராதத்துக்கு உச்ச எல்லை வைக்க வேண்டாம் என்று வேண்டுகிறேன்.

தாமதத்தால் பாதிக்கப்படுவோர் யார் என்பதையும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. பொருள்களின் விலையை ஒப்பிட்டுக் காட்டும் சிறு தளங்களைத் தன் தேடல் முடிவுகளில் பின்னே தள்ளியதாகக் கூகுள்மீது ஆணையம் 2010 நவம்பரில் விசாரணை தொடங்கியது. 242 கோடி யூரோ அபராதம் 2017 ஜூனில் வந்தது. ஐரோப்பிய நீதிமன்றம் அதை இறுதியாக உறுதிசெய்தது 2024 செப்டம்பர் 10 அன்று. முதன்முதலில் முறையிட்டவற்றுள் ஒன்றான ஃபவுண்டம் என்ற பிரிட்டிஷ் தளம், அபராதம் அறிவிக்கப்படுவதற்கு முன்பே, 2016இல் மூடப்பட்டுவிட்டது. வழக்கில் வென்றவர் சந்தையில் இல்லாதபோது அந்த வெற்றி யாருக்கு? டிஜிட்டல் சந்தைகள் சட்டம் பிறந்ததே இந்தக் கேள்விக்கு விடையாகத்தான் என்பதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். மீறலை நிரூபிக்கும் பொறுப்பை ஆண்டுக்கணக்கில் ஆணையம் சுமப்பதற்குப் பதிலாக, இன்னின்னதைச் செய், இன்னின்னதைச் செய்யாதே என்று நிறுவனங்களுக்கு முன்கூட்டியே சொல்லும் சட்டம் அது. அந்தச் சட்டத்தின்கீழும் முதல் அபராதம் வரக் கடமைகள் தொடங்கிய 2024 மார்ச் 7இலிருந்து 13 மாதங்களுக்கு மேல் ஆயின. கூகுள் வழக்கில் அபராதம் வர ஆன ஆறரை ஆண்டுகளோடு ஒப்பிட்டால் இது பெரும் முன்னேற்றம். அதை மனமாரப் பாராட்டுகிறேன். இன்னும் குறைக்கலாம்.

கடமை எந்த அளவுக்கு வெளியிலிருந்து பார்த்தாலே தெரியக்கூடியதாக இருக்கிறதோ, அந்த அளவுக்கு அது விரைவாக நிறைவேறுகிறது. கைப்பேசிகளுக்கெல்லாம் யுஎஸ்பி-சி என்ற ஒரே வகை மின்னேற்று முனை வேண்டும் என்ற ஒன்றியத்தின் விதி 2024 டிசம்பர் 28 அன்று நடைமுறைக்கு வருவதாக இருந்தது; அதை எதிர்த்துவந்த ஆப்பிள், 2023 செப்டம்பரிலேயே தன் புதிய ஐஃபோனில் அந்த முனையை வைத்துவிட்டது. தமிழ்நாட்டின் ஸ்ரீபெரும்புதூர் பகுதியில் தயாராகும் கைப்பேசியிலும் இன்று அந்த முனைதான் இருக்கிறது. முனை இருக்கிறதா இல்லையா என்பதை எந்தக் கடைக்காரரும் பார்த்துச் சொல்லிவிடலாம். அதில் வாதாடுவதற்கு இடமில்லை. ஒரு தளத்தின் பரிந்துரை முறை சிறுவர்களுக்குத் தீங்கு செய்கிறதா என்பதை அப்படிப் பார்த்துச் சொல்ல முடியாது. அங்கே நிறுவனம் தரும் அறிக்கையை நம்பியிருக்கும் நிலை வருகிறது. அந்த நம்பிக்கை எவ்வளவு ஆபத்தானது என்பதை ஆணையம் ஒருமுறை பட்டறிந்திருக்கிறது: உலாவியைத் தெரிவுசெய்யும் திரையை விண்டோஸில் காட்டுவதாக 2009இல் உறுதியளித்த மைக்ரோசாப்ட், 2011 மே முதல் 2012 ஜூலை வரை 14 மாதங்கள், ஏறத்தாழ 1.5 கோடிப் பயனர்களுக்கு அதைக் காட்டவேயில்லை. கண்முன் தெரியும் ஒரு திரை காணாமற்போனதே அவ்வளவு காலம் கவனத்துக்கு வரவில்லையென்றால், நிறுவனத்தின் கணினிகளுக்குள் ஓடும் பரிந்துரைக் கணக்கில் செய்யப்படும் மாற்றம் எப்படித் தெரியவரும்?

இதற்காகவே டிஜிட்டல் சேவைகள் சட்டத்தின் 40ஆம் பிரிவு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஆய்வாளர்கள் பெருந்தளங்களின் உள்தரவைப் பெறுவதற்கான விரிவான விதிகள் 2025 அக்டோபர் 29 முதல் நடைமுறையில் இருக்கின்றன. ஸ்பெயினின் செவில் நகரில், தளங்களின் பரிந்துரைக் கணக்குகளை ஆராயும் உங்கள் வழிமுறை வெளிப்படைத்தன்மை மையமும் இயங்குகிறது. ஆனால் ஆய்வாளர்களுக்குத் தரவைத் தர மறுப்பது தளங்களுக்கு இன்னும் எளிதாகவே இருக்கிறது. ஃபேஸ்புக்கில் எது பரவுகிறது என்று ஊடகத்தாரும் ஆய்வாளரும் பார்த்துவந்த கிரவுட்டேங்கிள் கருவியை மெட்டா 2024 ஆகஸ்ட் 14 அன்று மூடியது. அதே ஆண்டு இறுதியில் ருமேனியாவின் அதிபர் தேர்தல் முதற்சுற்று செல்லாதென்று டிசம்பர் 6 அன்று அறிவிக்கப்பட்டு, அத்தேர்தலில் டிக்டாக்கின் பங்கு குறித்து நீங்கள் விசாரணை தொடங்க நேர்ந்தது. தரவு கேட்டு விண்ணப்பித்த ஆய்வாளருக்குக் காரணமின்றித் தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் தொடர் அபராதம் விதியுங்கள். வெளியாட்கள் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால்தான் உள்ளே இருப்பவர்கள் விதியை நினைப்பார்கள்.

அரசியல் நெருக்கடியைப் பற்றிப் பேசாமல் இம்மடல் நேர்மையாக இராது. எக்ஸ் தளத்தின்மீது டிஜிட்டல் சேவைகள் சட்டத்தின்கீழ் 2023 டிசம்பர் 18 அன்று தொடங்கிய விசாரணையில் முதல் முடிவு, 12 கோடி யூரோ அபராதமாக, 2025 டிசம்பர் 5 அன்று வந்தது. காசு கொடுத்தால் கிடைக்கும் நீலக்குறி பயனர்களை ஏமாற்றுகிறது, வெளியான விளம்பரங்களை எவரும் தேடிப் பார்ப்பதற்கான களஞ்சியம் முறையாக இல்லை, ஆய்வாளர்களுக்குத் தரவு மறுக்கப்படுகிறது என்ற மூன்று குற்றச்சாட்டுகளும் 2024 ஜூலையிலேயே பூர்வாங்க முடிவாக எழுதப்பட்டவை. அவற்றுக்கு மேலும் 17 மாதங்கள் ஏன் தேவைப்பட்டன என்ற கேள்விக்கு விளக்கம் வேண்டும். அபராதம் வந்த அதே மாதத்தில் அமெரிக்க அரசு, இச்சட்டத்துக்கு முன்னோடியாக இருந்த முன்னாள் ஆணையர் தியரி பிரெத்தோன் உள்ளிட்ட ஐந்து ஐரோப்பியர்களுக்கு நுழைவுத் தடை விதித்தது. அதற்கு முன்பே, 2025 செப்டம்பரில், கூகுளின் விளம்பரத் தொழில்நுட்பத்துக்காக 295 கோடி யூரோ விதித்தபோது, வணிகப் பதிலடி கொடுப்பதாக அமெரிக்க அதிபர் எச்சரித்தார். இவ்வளவுக்கும் நடுவே நீங்கள் முடிவுகளை அறிவித்தது துணிவான செயல் என்றே கருதுகிறேன். ஆயினும் இச்சட்டங்களின் அமலாக்கம் சுங்கவரிப் பேச்சுவார்த்தை நாள்காட்டியைப் பார்த்து நடக்கிறது என்ற எண்ணம் ஒருமுறை பரவிவிட்டால், நிறுவனங்களின் வழக்கறிஞர்கள் இனி பிரசல்ஸில் வாதாட வேண்டியதில்லை. வாஷிங்டனில் காத்திருந்தாலே போதும். ஆகவே தீர்ப்பளிக்கும் பணியை வணிகப் பேச்சுவார்த்தையிலிருந்து பிரித்து, தனிச் சுதந்திரமுள்ள அமைப்பிடம் ஒப்படைக்கும் யோசனையைத் தயவுசெய்து தீவிரமாக ஆராயுங்கள்.

2025 நவம்பர் 19 அன்று டிஜிட்டல் சட்டங்களுக்கென நீங்கள் முன்வைத்த எளிமைப்படுத்தல் தொகுப்பு குறித்தும் ஒரு சொல். சிறு தொழில்களுக்கு ஒரே விவரத்தைப் பல படிவங்களில் நிரப்பும் சுமை குறைவது நல்லதே. தனிப்பட்ட தரவு என்பதன் வரையறையையே சுருக்குவது வேறு விஷயம். ஏழரை ஆண்டு போராட்டத்தில் நீதிமன்றம் வரை சென்று நிலைநாட்டிய உரிமையை ஒரு திருத்தத்தால் கரைத்துவிட்டால், காத்திருந்தவர்களுக்குப் பரிசு கொடுத்ததாகிவிடும்.

இந்த மடலைத் தமிழில் எழுதுவதற்கும் இப்பொருளோடு தொடர்பு உண்டு. பிரான்சிலும் ஜெர்மனியிலும் ஒன்றியத்தின் பிற நாடுகளிலும் வாழும் தமிழர்கள், பெரும்பாலும் ஈழத்திலிருந்து போரினால் வந்தவர்கள், நாள்தோறும் இத்தளங்களில் தமிழில் எழுதுகிறார்கள், படிக்கிறார்கள். வசையும் மிரட்டலும் பொய்ச் செய்தியும் மோசடி விளம்பரமும் தமிழிலும் வருகின்றன. ஆனால் பெருந்தளங்கள் உள்ளடக்கத்தைச் சரிபார்க்க எத்தனை பேரை வைத்திருக்கின்றன என்று அறிவிக்கும்போது, டிஜிட்டல் சேவைகள் சட்டத்தின் 42ஆம் பிரிவு உறுப்புநாடுகளின் ஆட்சிமொழிவாரியான எண்ணிக்கையைத்தான் கேட்கிறது. தமிழுக்கும் குர்திஷுக்கும் எத்தனை பேர் என்ற கேள்வி அங்கே எழுவதேயில்லை. ஒன்றியத்தில் வாழ்வோருள் பெருந்தொகையினர் பயன்படுத்தும் பிற மொழிகளையும் அந்த அறிக்கையில் சேர்க்கக் கேளுங்கள். ஜெர்மன் மொழியில் முறையிட்டால் கிடைக்கும் பாதுகாப்பு, அதே நகரில், அதே சட்டத்தின்கீழ் வாழும் ஒருவர் தமிழில் முறையிடும்போதும் கிடைக்க வேண்டும்.

இறுதியாக ஒரு நடைமுறை வேண்டுகோள். தரவுப் பாதுகாப்பு வழக்குகளுக்கு அண்மையில் கால எல்லை வகுத்ததுபோல், டிஜிட்டல் சேவைகள் சட்டத்தின்கீழ் தொடங்கும் விசாரணைகளுக்கும் கண்டிப்பான எல்லை வேண்டும்; அதற்குச் சட்டத் திருத்தம் தேவைப்படலாம், காலம் பிடிக்கலாம். அதுவரை, நிலுவையிலுள்ள ஒவ்வொரு விசாரணைக்கும் அது தொடங்கிய நாள், இதுவரை கழிந்த நாட்கள், அந்நாட்களில் மீறல் தொடர்கிறதா நின்றதா, தாமதம் நிறுவனத்தாலா ஆணையத்தாலா, விதித்த தொகையில் எவ்வளவு வசூலாயிற்று என்னும் விவரங்களை ஒரே அட்டவணையாக, எவரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். டிஜிட்டல் சந்தைகள் சட்டம் ஆண்டுதோறும் உங்களிடம் ஓர் அறிக்கை கேட்கிறது. அடுத்த அறிக்கையிலேயே இதைத் தொடங்கலாம். அதற்குப் புதிய அதிகாரம் எதுவும் தேவையில்லை.

இப்படிக்கு,
ஜெர்மனியில் வாழும் தமிழ்ப் பயனர் ஒருவர்